சங்கிலியனுக்கு ஒரு கதிரை

எங்கட வட்ஸ்அப் குழுவில் அந்தப் பட்டியல் இன்னும் கிடக்கிறது. கிரீடம் 1, வாள் 2, சிவப்பு வெல்வெட் துணி 6 மீற்றர், குத்துவிளக்கு 4, சிம்மாசனம் 1. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி. அதுதான் எங்கே எடுக்கிறது என்று தெரியாமல் இருந்தது. மற்றதெல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம்.

நாங்கள் ஆறு பேர். ஒருவர் படம் எடுப்பவர். ஒருவர் தைப்பவர். ஒருவர் மேக்கப். இரண்டு பேர் கமராவுக்கு முன்னால் நிற்க. மிச்சமுள்ள ஒருவர் ஓட்டோவில் சாமான் ஏற்றி இறக்கவும், எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கி வரவும். படம் எடுப்பவருக்குக் கலியாண வீட்டு ஓடர் பிடிக்க வேண்டும். தைப்பவருக்குத் தன்ர பெயரில் ஒரு சின்னக் கடை போட வேண்டும். இரண்டு பேரிடமும் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. 'நீங்கள் செய்த வேலை ஏதும் இருந்தால் அனுப்புங்கோ' என்று கேட்டால் அனுப்புவதற்குச் சொந்தக்காரரின் சாமத்திய வீட்டுப் படங்கள்தான் இருந்தன. அதனால்தான் உண்மையான கலியாணம் எதுவும் இல்லாமல், ஒரு கருப்பொருள் வைத்து, உடுப்பு, நிறம், சாமான் எல்லாத்தையும் நாங்களே தீர்மானித்து ஒரு போட்டோசூட் செய்வோம் என்று முடிவெடுத்தோம்.

யாழ்ப்பாணத்தில் போட்டோசூட் என்றால் கோட்டை, கசூரினா கடற்கரை, நூலக முன்றல். எல்லாரும் அங்கேதான். எங்களுக்கு வேறு இடம் வேண்டும். ரியூசனுக்குப் போய்வந்த வருசங்கள் முழுக்கப் பருத்தித்துறை வீதியில் சைக்கிளில் கடந்து போன கட்டடம் ஒன்று இருந்தது. சட்டநாதர் கோயிலுக்குக் கிட்ட, நல்லூரில், மந்திரி மனை. யாழ்ப்பாண இராச்சியத்தின் மந்திரி இருந்த வீடு என்று சின்னனில் சொல்லித் தந்தார்கள். உள்ளே சுரங்கம் இருக்கிறது என்றும் சொன்னார்கள். எந்தப் பழைய கட்டடத்துக்குத்தான் சுரங்கம் இல்லை!

'ராசா தீம்' என்று முடிவானது. அரசன், அரசி, பின்னால் மந்திரி மனையின் தூண்கள். உடுப்புக்கு மாதிரி தேடினால் வந்ததெல்லாம் இந்தியப் படங்களின் காட்சிகள். அதையே சேமித்து வைத்தோம். சிம்மாசனமும் கடைசியில் கிடைத்தது. மணவறை சோடிக்கிற ஒருவரிடம் பைபரில் செய்து பொன் நிறம் அடித்த ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் சிங்கத் தலை. ஒரு நாள் வாடகை 8,000 ரூபா.

வாள்தான் பிரச்சினை. வாடகைக்குக் கிடைத்த வாள் பள்ளிக்கூட நாடக வாள் மாதிரி இருந்தது. எங்களில் ஒருவரின் பெரியப்பா தச்சுவேலைக்காரர். கோயில் தேர்களுக்கு வேலை செய்தவர். அவரிடம் மரத்தில் ஒரு வாள் செதுக்கித் தரச் சொல்லிக் கேட்டோம்.

"எதுக்கு?"

"படம் எடுக்க, பெரியப்பா. மந்திரி மனையில. சங்கிலியன் காலத்து மாதிரி."

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "வாளை விடுங்கோ. முதல்ல அந்தக் கட்டடத்தைப் போய் வடிவாப் பாத்தனியளோ?"

நாங்கள் பார்த்திருந்தோம். போனில் இருபது முப்பது படங்கள்கூட இருந்தன. ஆனால் அவர் கேட்ட மாதிரிப் பார்க்கவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை விடிய அவரோடு அங்கே போன பிறகுதான் விளங்கியது.

நாங்கள் எங்கே நின்றால் வெளிச்சம் நல்லது என்று பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூணில் கையை வைத்து, கண்ணை மேலே கொண்டுபோய், தூணும் உத்தரமும் சேருகிற இடத்தில் நிறுத்தினார்.

"இஞ்ச பாருங்கோ, இது போதிகை. இந்தப் பூவேலை எங்கட ஆக்களின்ர கை. தேரிலயும் இதைத்தான் செய்யிறம். இதைச் செய்தவன் கோயில் வேலை தெரிஞ்சவன்."

எங்களுக்குச் சந்தோசம். "அப்ப ராசா காலம்தானே?"

"பொறு தம்பி. இப்ப அந்த வாசலைப் பார். மேல வளைவு. நாங்கள் பழைய கோயில்ல எங்கயாவது இப்படி வளைவு கட்டினனாங்களோ? எங்கட முறை என்ன? தூண், அதுக்கு மேல உத்தரம். நேரா. இந்த வளைவு கப்பல்ல வந்தது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு சுவரோரம் குந்தியிருந்து வெற்றிலை போட்டார். நாங்கள் அன்று பின்னேரம் வாசிக்கத் தொடங்கினோம். பெரியப்பா சொன்னது சரி. நல்லூர் இராச்சியத்தின் தலைநகரமாக இருந்தது உண்மை. மந்திரி மனை என்ற பெயரும் அந்த நினைவைத்தான் காவிக்கொண்டு வருகிறது. ஆனால் இப்போது நிற்கிற கட்டடம் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கட்டப்பட்டிருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐரோப்பிய முறையும் எங்கட முறையும் ஒன்றாகச் சேர்ந்த வீடு அது.

1619 இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். இரண்டாம் சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621 இல் பழைய நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். 1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1795 இல் ஆங்கிலேயர். நாங்கள் சிம்மாசனம் வைக்க இடம் பார்த்த அந்த வாசலைச் சங்கிலியன் கண்டிருக்கவே மாட்டான்.

அன்றிரவு குழுவில் பெரிய சண்டை.

"ஆருக்குத் தெரியப்போகுது? வடிவா இருந்தாக் காணும்" என்றது ஒரு பக்கம். "ராசா இல்லாட்டி ஆர் பாப்பாங்கள்?" என்றது இன்னொரு குரல். மற்றப் பக்கம் இப்படிக் கேட்டது: நாங்கள் எடுக்கிற படத்தை ஒருவர் பகிர்வார், அதை இன்னொருவர் 'யாழ்ப்பாண அரசன் தன் அரண்மனையில்' என்று எழுதிப் போடுவார், மூன்றாவது ஆள் அதைப் பள்ளிக்கூட ஒப்படையில் ஒட்டுவார். பிறகு அந்தப் பொய்யை ஆர் கழட்டுறது?

வடிவு என்று சொன்ன பக்கத்தை நாங்கள் இப்போதும் பகிடி பண்ண மாட்டோம். அவர்களுக்கு அரசன் ஏன் தேவைப்பட்டான் என்று எங்களுக்குத் தெரியும். முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளோடு நிற்கிற சிலையைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். எங்களிடமும் ஒரு இராச்சியம் இருந்தது என்று சொல்லிப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதைக் காட்டுவதற்கு மிஞ்சியிருக்கிற கட்டடம் குறைவு. குறைவு என்கிறபடியால் கிடைத்த எல்லாச் சுவரிலும் அரசனைத் தேடுகிறோம். அந்தத் தேடலில் பிழை இல்லை. ஆனால் சுவர் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதன் வாயைப் பொத்திவிட்டு நாங்கள் கதைக்கக் கூடாது.

சண்டையை முடித்து வைத்தது ஒரு சொல். தைக்கிற தோழி கேட்டார்: "சரி, அந்தக் கதிரைக்கு முற்பணம் குடுத்தாச்சோ?"

சிம்மாசனத்தைத்தான் அவர் கதிரை என்றார். அதற்குக் கீழே ஒருவர் எழுதினார்: "கதிரையே போர்த்துக்கேயச் சொல்தானே!"

தேடிப் பார்த்தோம். ஓம். அவர்களின் காடெய்ராதான் எங்கட கதிரை. அவர்களின் மெசா எங்கட மேசை. ஜனெலா எங்கட யன்னல். அலுமாரி, சப்பாத்து, சாவி, வாங்கு, விடிய வாங்கித் தின்கிற பாண், எல்லாமே அங்கேயிருந்து வந்தவை. ஒல்லாந்தர் தங்கள் பங்குக்குக் கந்தோரைத் தந்துவிட்டுப் போனார்கள். தமிழ்நாட்டில் நாற்காலி என்று சொல்வார்கள். எங்கட அம்மம்மா ஒருநாளும் நாற்காலி என்று சொன்னதில்லை. "கதிரையில இரு பிள்ளை" என்றுதான் சொல்லுவா. அதைவிட யாழ்ப்பாணத் தமிழ் வேறென்ன இருக்கிறது?

அரசனுக்கு அரியணை இருந்தது. மற்றவர்கள் திண்ணையிலும் பாயிலும் பலகையிலும் இருந்தார்கள். கதிரை பிறகு வந்தது. வந்து, எங்கட வாயில் ஏறி, எங்கட சொல்லாகவே ஆகிவிட்டது. மந்திரி மனையும் அப்படித்தான். வளைவு கப்பலில் வந்தது. போதிகையைச் செதுக்கியது எங்கட தச்சன். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே நிற்கின்றன. அந்தக் கலப்பைத்தான் படம் எடுக்க வேண்டும் என்று விடிய ஒரு மணிக்கு முடிவெடுத்தோம். சிங்கத் தலைக் கதிரை வேண்டாம் என்று சொன்னோம். முற்பணம் திரும்பி வரவில்லை.

அடுத்த முடிவு இன்னும் கஷ்டமானது. மந்திரி மனைக்குள் எடுப்பதில்லை.

ஒரு காரணம், அந்தக் கட்டடத்தின் நிலை. சாந்து உரிந்து கல் தெரிகிறது. ஒவ்வொரு மழையும் கொஞ்சம் கொண்டு போகிறது. தொல்லியல் சின்னம் ஒன்றில் உடுப்பு மாற்றி, லைற் ஸ்ராண்ட் நாட்டி, துணி கட்டி வேலை செய்வதென்றால் முறையான அனுமதி எடுக்க வேண்டும். எடுத்தாலும் எங்கட கால் படுகிற இடமெல்லாம் ஏதோ ஒன்று உதிரும். இன்னொரு காரணம், சுவரில் கண்டது. உட்சுவர்களில் பெயர்கள், இதயம், அம்பு, வருசம். அவற்றைக் கணினியில் அழித்துவிடலாம் என்று முதலில் பேசியிருந்தோம். பெரியப்பாவோடு போன அன்று எங்களில் ஒருவர் ஒரு மூலையில் சத்தமில்லாமல் நின்றார். ஓ.எல். படித்த காலத்தில் கொம்பாஸால் கீறிய தன்ர பெயருக்கு முன்னால்தான் நின்றார். கணினியில் அழித்தால் படத்தில் இருக்காது. சுவரில் இருக்கும். ஆரும் அவரைப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உள்ளே எடுப்போம் என்று ஆரும் கேட்கவும் இல்லை.

ஆகவே அந்தக் கட்டடத்திலிருந்து என்னென்னவற்றை வெளியே எடுத்துக்கொண்டு வரலாம் என்று யோசித்தோம்.

முதலில் நிறம். எங்கட பட்டியலில் இருந்தது கடைச் சிவப்பும் பொன்னும். கட்டடத்தில் அந்த இரண்டுமே இல்லை. அங்கே இருந்தது மங்கின சுண்ணாம்பு, மழை பட்டுக் கறுத்த ஓரங்கள், பழைய மரத்தின் கபிலம். சிவப்பு ஒன்று கட்டாயம் வேண்டும் என்று தைப்பவர் அடம்பிடித்தார். சாயவேர்ச் சிவப்பைத் தேர்ந்தோம். இந்த மண்ணில் கிண்டி எடுத்த வேர் அது. துணிக்குச் சிவப்பு ஏற்றப் பயன்பட்டது. ஒல்லாந்தர் அதைத் தங்களுக்கு வருமானமாகவே பார்த்தார்கள். எங்களுக்குச் சாயவேர் கிடைக்கவில்லை. அந்த நிறத்துக்குக் கிட்ட வருகிற கைத்தறிப் பருத்தி ஒன்று தேடி எடுத்தோம். வெல்வெட்டைவிட விலை குறைவு. வெயிலில் மினுங்கவும் இல்லை.

இரண்டாவது உடுப்பு. இராச்சியத்தை விட்டுவிட்டு, கூடின பட்சம் நூறு, நூற்றிருபது வருசத்துக்கு முந்தின ஒரு வீட்டை யோசித்தோம். பழைய ஸ்ரூடியோப் படங்களில் ஆண்கள் வேட்டிக்கு மேலே கோட் போட்டு, தோளில் சால்வையோடு நிற்கிறார்கள். பெண்கள் தோள் உப்பின சட்டையோடு சேலை கட்டியிருக்கிறார்கள். மேலே இங்கிலாந்து, கீழே யாழ்ப்பாணம். வளைவும் போதிகையும் ஒன்றாக நிற்கிற அதே கதைதான். தைப்பவர் அந்தத் தோள்பட்டையை மூன்று தரம் பிரித்துத் தைத்தார். முதல் இரண்டு தரமும் பலூன் மாதிரி வந்தது.

மூன்றாவது வெளிச்சம். மந்திரி மனையில் வெளியே வெயில் எரிக்கும், உள்ளே இருள் கிடக்கும், வாசலில்தான் இரண்டும் சந்திக்கும். அதே மாதிரி வெளிச்சம் வருகிற இடம் நாற்சார் வீடு. நான்கு பக்கமும் அறையும் விறாந்தையும், நடுவில் திறந்த முற்றம். எங்களில் ஒருவரின் உறவினர் வீடு அப்படி ஒன்று இருந்தது. பாதி பூட்டிக்கிடந்தது. காலமை எட்டு மணிக்கு முற்றத்தில் விழுகிற வெயில் விறாந்தைத் தூண்வரை வந்து நின்றுவிடுகிறது. பிளாஷ் தேவையில்லை. எதிர்ப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பிடித்தால் முகத்தில் நிழல் மெதுவாகிறது. விரிப்பைப் பிடித்து நின்றவர் ரோல்ஸ் வாங்கப் போக வேண்டியவர்.

சிம்மாசனத்துக்குப் பதிலாக அந்த வீட்டிலேயே ஒரு சாய்மனைக் கதிரை இருந்தது. பிரம்பு ஓரிடத்தில் அறுந்திருந்தது. பெரியப்பா ஒரு பின்னேரம் வந்து, கால் ஆடாமல் ஆப்பு இறுக்கித் தந்தார். வாள் செதுக்கக் கேட்டவர்களுக்கு அவர் செய்த வேலை அதுதான்.

எல்லாம் சரி என்று நினைத்திருந்தோம். வேலைக்கு முதல் நாள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, அரசியாக நிற்க இருந்த தோழி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "அந்தக் காலத்தில எங்கட அம்மம்மாவை இந்த முற்றத்துக்குள்ள விட்டிருக்க மாட்டினம். கதிரையில இருக்கிறது எங்க!"

ஆரும் ஒன்றும் பேசவில்லை. என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்களில் சிலரின் பூட்டன்மார் அந்தக் கதிரையில் இருந்திருப்பார்கள். சிலரின் பூட்டன்மார் வாசலுக்கு வெளியே நின்றிருப்பார்கள். வருசக் கணக்காக ஒன்றாகத் திரிகிறோம், ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறோம், இதை மட்டும் ஒருநாளும் கதைத்ததில்லை. ராசா தீம் எங்களுக்கு ஏன் அவ்வளவு சுகமாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. கிரீடத்தைப் போட்டவுடன் நாங்கள் எல்லாரும் அரண்மனைப் பிள்ளைகள் ஆகிவிடலாம். அரண்மனைக்கு வெளியே நின்றது ஆர் என்று ஒருவரும் கேட்கத் தேவையில்லை.

"அப்ப நீ நிக்க வேண்டாமோ? விடுவமோ?" என்று படம் எடுப்பவர் கேட்டார்.

"ஏன் விடுறது? நான் இருக்கத்தான் போறன்" என்றார் அவர்.

அடுத்த நாள் எடுத்த படங்களில் எங்களுக்குப் பிடித்தவை மூன்று. ஒன்றில் கோட்டும் வேட்டியுமாக ஒருவர் விறாந்தைத் தூணில் சாய்ந்து நிற்கிறார். அவர் தோளில் வெயில், முகத்தில் நிழல். இரண்டாவதில் பெரியப்பாவின் கை மட்டும். உளி, கொட்டாப்புளி, பாதி செதுக்கின பலகை. அவர் முகம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். "வேலையை எடு, என்னை விடு."

மூன்றாவதில் தோழி சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். சாயவேர்ச் சிவப்புச் சேலை, மூன்றாம் தரம் சரியாக வந்த தோள்பட்டை, கழுத்தில் ஒன்றும் இல்லை. நகை வாடகைக்கு எடுத்திருந்தோம், அவர் போடவில்லை. முதலில் அவரை யன்னல் பக்கம் பார்க்கச் சொன்னோம், எல்லாப் போட்டோசூட்டிலும் பெண்பிள்ளைகள் அப்படித்தான் எங்கேயோ பார்ப்பார்கள். இரண்டு படம் அப்படி எடுத்தோம். பிறகு அவர் தன்பாட்டில் திரும்பி கமராவை நேராகப் பார்த்தார். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. தன்ர வீட்டில் இருக்கிற ஆள் வாசலுக்கு வந்தவரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. படம் எடுப்பவர் ஒரே ஒரு தரம் அமத்தினார்.

படங்களைப் போட்டபோது ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதினோம்: இது மந்திரி மனை அல்ல, மந்திரி மனையைப் பார்த்து நாங்கள் செய்தது. வளைவைப் பற்றியும் போதிகையைப் பற்றியும் இரண்டு வரி. கதிரை என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி. நாங்கள் நினைத்த அளவுக்கு ஆக்கள் பார்க்கவில்லை. "ராசா எங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆனால் தைப்பவருக்கு அந்தத் தோள்பட்டைச் சட்டைக்கு இரண்டு ஓடர் வந்தது. படம் எடுப்பவருக்கு ஒரு கலியாணம் கிடைத்தது. பெண் வீட்டார் அனுப்பிய செய்தியில், அந்தக் கதிரையில் இருக்கிற பிள்ளையின் படம் மாதிரி எங்கட மகளையும் எடுப்பீங்களோ என்று கேட்டிருந்தார்கள். தோழி அதை வாசித்துவிட்டுத் தாயிடம் காட்டினார். தாய் நெடுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தாவாம். பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக அடித்துத் தரச் சொன்னாவாம்.

நாங்கள் இப்போதும் பருத்தித்துறை வீதியால் போய்வருகிறோம். மந்திரி மனைக்கு முன்னால் பிரீசூட்டுக்கு வந்த சோடிகள் நிற்பதைச் சிலநேரம் காண்கிறோம். பொன் நிறத் தலைப்பாகை, பிளாஸ்ரிக் வாள். அவர்களை மறித்துப் பாடம் எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை, நாங்களும் மயிரிழையில்தான் தப்பினோம். ஆனால் ஆராவது எங்களிடம் 'எப்படி எடுக்கலாம்?' என்று கேட்டால் ஒன்று சொல்கிறோம். கமராவை வீட்டில் வைத்துவிட்டு ஒருதரம் போங்கோ. மரம் தெரிந்த ஒருவரையோ கல் தெரிந்த ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கோ. சுவரில் சாயாமல் நில்லுங்கோ. முடிந்தால், கொம்பாஸால் கீறின பெயர்களையும் வாசித்துப் பாருங்கோ. அதில் ஒன்று எங்கட ஆளின்ரது.